குழந்தைக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் கொடுக்கலாமா? மருந்துக்கடை கவுன்ட்டரிலிருந்து ஒரு பதில்

மதுரையில் சித்திரை பிறக்கும் முன்பே என் கடை ஃபிரிட்ஜில் நீலமும் ஆரஞ்சுமாக நிற்கிற பாட்டில்கள் காலியாக ஆரம்பித்துவிடும். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வருவார்கள். "அக்கா, பாப்பா சோர்ந்து சோர்ந்து படுக்குறா, அந்த எனர்ஜி தண்ணி ஒண்ணு குடுங்க" என்பார்கள். பாட்டிலை எடுப்பதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: "எதுக்காகக் குடுக்கப் போறீங்க?"

பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். வெயில் தாங்கவில்லை. விளையாடிவிட்டு வந்திருக்கிறான். வயித்தால போகுது. இந்த மூன்றுக்கும் கொடுக்க வேண்டியது வேறு வேறு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், மூன்றில் எதற்குமே அந்தக் கலர் பாட்டில் பொருந்தாது. "விக்கிற நீங்களே இப்படிச் சொல்றீங்களே" என்று சிரிப்பவர்கள் உண்டு. யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கு அது நல்ல சரக்குதான். உங்கள் மூன்று வயது மகளுக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

பாட்டிலுக்குள் இருப்பது

1965-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அந்தப் பல்கலைக்கழக அணிக்காக ஒரு பானம் தயாரித்தார்கள். ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து அது. ஒரு ஆட்டம் முடிவதற்குள் வியர்த்தே கிலோ கணக்கில் எடை இறங்குகிற ஆட்கள். அவர்களுக்குத் தண்ணீரும் வேண்டும், வியர்வையில் போன உப்பும் வேண்டும், ஓடுவதற்குச் சர்க்கரையும் வேண்டும். அணியின் பெயர் கேட்டர்ஸ் என்பதால் பானம் கேட்டரேட் ஆனது. இன்று கடையில் கிடைக்கிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கும். சோடியம் 45, 50 மில்லிகிராம் அளவில் இருக்கும். அரை லிட்டர் பாட்டிலை முழுதாகக் குடித்தால் 30 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. தேக்கரண்டிக் கணக்கில் ஆறேழு கரண்டி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு வயது வரை சேர்க்கவே வேண்டாம் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்னது. இதில் பால், பிஸ்கட், பஞ்சு மிட்டாய் எல்லாவற்றிலும் நீங்கள் போடுகிற சர்க்கரையும் அடக்கம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகள் வழக்கமாக ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும், சாதாரணமாகத் தாகத்துக்குத் தண்ணீரே போதும், எனர்ஜி டிரிங்க்குக்குக் குழந்தைகளின் உணவில் இடமே இல்லை என்பது அதன் சாரம். அந்தப் பானம் பிறந்த நாட்டு டாக்டர்களே சொன்னது இது.

சர்க்கரையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது குடிக்கிற விதம். பெரியவர்கள் மடக்மடக்கென்று குடித்து முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் உறிஞ்சு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு மதியம் முழுக்க ஒவ்வொரு வாயாகச் சப்புகிறார்கள். இந்தப் பானங்களில் சர்க்கரையோடு புளிப்புக்காக சிட்ரிக் அமிலமும் இருக்கிறது. அமிலம் பல்லின் மேல்பூச்சை இளக வைக்கும். சர்க்கரை சொத்தைக்குத் தீனி போடும். போதாததற்கு, வயிறு இனிப்பில் நிறைந்துவிட்டால் இரவு இட்லியைத் தொடாது. "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான்" என்று அடுத்த வாரம் பசி டானிக் கேட்டு வருவார்கள். டானிக்கை எடுத்துக் கொடுக்கும் முன் அந்த நீல பாட்டில் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்வேன்.

"பாதிக்குப் பாதி தண்ணி கலந்து குடுத்தா?" சர்க்கரை பாதியாகும், ஏற்கெனவே குறைவாக இருந்த உப்பும் பாதியாகும். நிறம் கலந்த லேசான சர்பத்துதான் மிஞ்சும். அதற்கு 50 ரூபாய் எதற்கு?

வெயில் மட்டும்தான் காரணம் என்றால்

ஆறு மாதம் முடியாத குழந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குத் தாய்ப்பால் மட்டும். கத்திரி வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். "நாக்கு வறளுதேன்னு ரெண்டு சங்கு குளுக்கோஸ் தண்ணி ஊத்தினேன்" என்று சொல்கிற பாட்டிகளோடு நான் சண்டை போடுவதில்லை. அம்மாவைப் பார்த்து, "கூட ரெண்டு தடவை பால் குடுங்க, நீங்க நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்புவேன். சின்ன வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் பாலுக்கு இடம் இருக்காது. அந்தத் தண்ணீர் சுத்தமில்லை என்றால் பேதி தனிச் செலவு.

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் திரவம், நாலிலிருந்து எட்டு வயதுக்கு ஒன்றேகால் லிட்டர் என்பது பொதுவான கணக்கு. பாலும் இதில் சேரும். நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். டம்ளரை எண்ணிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டாம். ஒன்றுக்குப் போவதைக் கவனியுங்கள். காலையில் முதல் தடவை மஞ்சளாக இருப்பது இயல்பு. பகலிலும் அடர்ந்த மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால், போகும்போது கடுக்கிறது என்று அழுதால், தண்ணீர் பத்தவில்லை.

கொடுப்பதற்கு நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. பானைத் தண்ணீர். உப்புப் போட்டு நன்றாக நீர்த்துக் கரைத்த மோர். பழைய சோற்று நீராகாரம். அதில் உப்பு, மோர், ஒரு சின்ன வெங்காயம். நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணித் துண்டு. இளநீரும் நல்லதுதான், ஆனால் அதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு: அதில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் குறைவு. வெயிலுக்குச் சரி, வயிற்றுப்போக்குக்கு அதையே மருந்தாக நம்பிவிடக் கூடாது. பதநீர் எப்போதாவது ஒரு சின்ன டம்ளர். ஜிகர்தண்டாவைத் தாகத்துக்கு என்று சொல்லி வாங்கித் தராதீர்கள். ஆசைக்கு என்று சொல்லி வாங்கித் தாருங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

குளுக்கோஸ் பவுடர் டப்பாவுக்கும் இதே கதைதான். பெயரே சொல்கிறது, உள்ளே இருப்பது குளுக்கோஸ். குடித்ததும் பிள்ளை தெம்பாக எழுந்து ஓடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் தெம்பைத் தருவது சர்க்கரை, ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் வந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை காலையில் கொண்டுபோன தண்ணீரை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறதா? ருசியாக ஏதாவது கலந்து அனுப்பலாமா என்று யோசிக்கும் முன், அங்கே பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். நாற்றத்துக்குப் பயந்து ஒன்றுக்கே போகாமல், அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை நீர்க்கடுப்பு மருந்துக்கு அவர்களுடைய அம்மாக்கள் வருகிறார்கள். கேரளத்தில் 2019-இல் தொடங்கிய 'வாட்டர் பெல்' நம் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. மணி அடித்தால் குடிப்பார்கள். போவதற்கு இடமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

விளையாடுகிற பிள்ளைக்கு

கோடை விடுமுறையில் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம் நடக்கும். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை உண்மையில் ஓடுவது எவ்வளவு? வரிசையில் நிற்பது, முறைக்காகக் காத்திருப்பது, சண்டை போடுவது எல்லாம் கழித்துப் பாருங்கள். அதற்குத் தண்ணீர் போதும்.

கிளம்பும் முன் ஒரு டம்ளர் குடிக்கட்டும். நடுவில் கால் மணிக்கு ஒரு தடவை நாலு வாய். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 100 முதல் 250 மில்லி வரை என்று குழந்தை மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு மும்முரத்தில் தாகமே தெரியாது. அதனால் பயிற்சியாளர் விசில் அடித்து எல்லோரையும் ஒன்றாகக் குடிக்க வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். உங்கள் பிள்ளையின் பயிற்சியாளர் தண்ணீருக்கு விடுவதில்லை என்றால் அவரிடம் போய்ப் பேசுங்கள்; "தண்ணி குடிச்சா வயிறு பிடிச்சுக்கும்" என்று இன்னும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

வியர்வையில் போன உப்பு? வீட்டுக்கு வந்ததும் பொங்கலோ இட்லி சாம்பாரோ சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். உப்பில்லாமலா நாம் சமைக்கிறோம். வியர்வை கொட்டுகிற நாளில் ஒரு டம்ளர் உப்பு மோரோ, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸோ கூடுதலாகக் கொடுக்கலாம்.

கலர் பாட்டிலுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் இடைவிடாமல் ஓடுகிறது, அல்லது ஒரே நாளில் இரண்டு மூன்று மேட்ச், இடையில் சாப்பிட நேரமில்லை. அப்போது கொஞ்சம் குடித்தால் பலன் உண்டு. டோர்னமென்ட் ஆடுகிற அண்ணனுக்கு வாங்கினால் தம்பிக்கும் ஒரு பாட்டில் என்று வாங்காதீர்கள். அவன் பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டியதற்கு 30 கிராம் சர்க்கரை தேவையில்லை.

வெயிலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி வந்து, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ எந்தப் பானத்தையும் தேடி ஓட வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப் போங்கள், சட்டையைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும்.

எனர்ஜி டிரிங்க் வேறு சரக்கு. பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குச் சிவப்பு நிறத்தில் தொங்குகிறதே, அது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் அதுவும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். அதில் கஃபீன் இருக்கிறது. இந்திய விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை போடலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று லேபிளிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆறாவது படிக்கிற பையன் டியூஷனுக்குப் போகிற வழியில் இதை வாங்கிக் குடிக்கிறானா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

வயித்தால போகிற பிள்ளைக்கு

அதிகம் தவறு நடக்கிற இடம் இது. உயிர் போகக் கூடிய இடமும் இதுதான்.

பேதியில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து வெளியேறுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதை முழுதாக உறிஞ்சிக்கொள்ளாது. குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிற ஒரு வாசல் இருக்கிறது. பேதி நேரத்திலும் அந்த வாசல் வேலை செய்யும். இரண்டும் சரியான அளவில் வந்தால் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-குளுக்கோஸ் பவுடரான ஓ.ஆர்.எஸ். இந்த வாசலுக்காக அளந்து செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

இதைக் கலர் பாட்டிலோடு வைத்துப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸில் 100 மில்லிக்குச் சர்க்கரை 1.35 கிராம், அந்தப் பாட்டிலில் 6 கிராம். சோடியமோ ஓ.ஆர்.எஸ்.ஸில் சுமார் 170 மில்லிகிராம், அந்தப் பாட்டிலில் 50-ஐத் தாண்டுவதே அபூர்வம். தேவையான உப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, சர்க்கரையோ நாலு மடங்குக்கு மேல். குடலில் சர்க்கரை மிஞ்சினால் அது உடம்பிலிருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும், பேதி கூடும். பாட்டில் ஜூஸ், கேஸ் போன சோடா எல்லாம் இந்த விஷயத்தில் இன்னும் மோசம்.

ஓ.ஆர்.எஸ்.ஸை ஏதோ ஏழைகளின் மருந்து என்று நினைக்கிற படித்த பெற்றோருக்கு நான் 1971-ஐச் சொல்வதுண்டு. வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த மேற்கு வங்க எல்லை ஊரான பன்காவில் காலரா பரவியபோது, டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோய், திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய டிரம்களில் வைத்துக் கூட இருந்தவர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

இனி கலக்குகிற முறை. பொட்டலத்தில் இரண்டு அளவு உண்டு: ஏறக்குறைய 21 கிராம் இருப்பது ஒரு லிட்டருக்கு, நாலு கிராம் சொச்சம் இருப்பது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தைப் பிரித்து "ரெண்டு ஸ்பூன் ஒரு டம்ளருக்கு" என்று கண் அளவில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். தண்ணீர் அதிகமானால் மருந்து மருந்தாக இருக்காது. முழுப் பொட்டலம், முழு ஒரு லிட்டர். அளக்கப் பாத்திரம் இல்லையென்றால் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் போதும். பாட்டில் விளிம்பு வரை இருக்கும்போது பவுடரைக் கொட்டாதீர்கள், வழியும். ஒரு லிட்டரையும் சுத்தமான சொம்பில் ஊற்றி, அதில் பொட்டலம் முழுவதையும் தட்டி, கரண்டியால் கலக்கி, திரும்பப் பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். 200 மில்லிப் பொட்டலத்துக்கு எவர்சில்வர் டம்ளரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு. பால் புட்டியில் மில்லிக் கோடு இருக்கும், அதில் அளந்து டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். கலக்கிய பிறகு சூடு பண்ணக் கூடாது. சர்க்கரை, பால், ஜூஸ், ஹார்லிக்ஸ் எதையும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டிலிருந்து பத்து வயதுக்கு 100 முதல் 200 மில்லி. புட்டியில் ஊற்றி வாயில் திணித்தால் மொத்தத்தையும் கக்கிவிடும். பாரசிட்டமால் சிரப்போடு ஒரு சின்ன அளவு மூடி வருமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிக் கோடு வரை ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. கைப்பிள்ளை என்றால் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சால் கன்னத்து ஓரமாக மெதுவாக விடலாம். எந்த மருந்துக்கடையிலும் ஐந்தாறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். பொறுமையாக இருக்கிற ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் மாமியார்தான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஒரு தடவை கக்கிவிட்டது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சோற்றையும் நிறுத்தாதீர்கள். குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். "வயித்தைக் காயப்போடு" என்பது பெரியவர்களின் அஜீரணத்துக்கு வேண்டுமானால் இருக்கட்டும். இதோடு ஜிங்க் மருந்தும் உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் பாதிப் பாட்டில் அலமாரியில் கிடக்கும்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ராத்திரி ஊர்ப் பக்கம் எங்காவது மாட்டிக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தேக்கரண்டியால் தலை தட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போட்டுச் சமாளிக்கலாம். தூள் உப்பு மட்டும். கல் உப்பு கரண்டியில் நிற்கிற விதமே வேறு, அளவு தப்பும். பொட்டலம் கைக்கு வரும் வரைக்கும்தான் இது.

பொட்டலத்தைப் பார்த்து வாங்குவது

பல வருடங்களாக என் கவுன்ட்டரில் நடந்த கூத்து இது. டாக்டர் சீட்டில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதியிருப்பார். கடைக்காரர்கள் பலர், பெயரில் அந்த மூன்று எழுத்தும் இருக்கிற பழச்சுவை டெட்ரா பேக்கை எடுத்து நீட்டுவார்கள். பிள்ளை விரும்பிக் குடிக்கும், லாபமும் கூட. அதில் சர்க்கரை ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI), எந்த உணவுப் பானத்தின் பெயரிலும் முன்னாலோ பின்னாலோ ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. பெயர் போனாலும் அதே பானங்கள் எலக்ட்ரோலைட் டிரிங்க் என்று அலமாரியில் இருக்கின்றன. வாங்குகிறவர்களின் பழக்கமும் போய்விடவில்லை.

அடையாளம் சுலபம். நிஜ ஓ.ஆர்.எஸ். மருந்து. அட்டையில் ஐ.பி. (I.P., இந்திய மருந்துத் தரநூலின் சுருக்கம்) என்று இருக்கும், மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். பானம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் பச்சைப் புள்ளியும் இருக்கும். பச்சைப் புள்ளியைப் பார்த்தீர்களா, திருப்பிக் கொடுங்கள். டெட்ரா பேக்கிலும் நிஜ ஓ.ஆர்.எஸ். வருகிறது, அதனால் பேக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பின்னால் இருக்கிற அளவுகளைப் படியுங்கள். "எலக்ட்ரால் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு அதே ஃபார்முலாவில் வேறு கம்பெனிப் பொட்டலம் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். அளவு ஒன்றுதான், தாராளமாக வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அதுவும் அதே மருந்துதான்.

பிள்ளை குடிக்க மறுக்கிறது என்பார்கள். உப்புக் கரிக்கும், உண்மைதான். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்துக் கொடுங்கள், கரிப்பு குறைவாகத் தெரியும். ஆரஞ்சுச் சுவையிலும் பொட்டலம் வருகிறது. உடம்பில் நீர் வற்றிய பிள்ளை அந்தக் கரிப்பையும் ஆவலோடு குடிக்கும். "ஐயே, வேணாம்" என்று மூடியைத் தட்டிவிட்டு விளையாடப் போகிற பிள்ளைக்கு அநேகமாகப் பெரிதாக நீர் குறைந்திருக்காது.

எப்போது எதையும் கலக்கிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது? ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்கே போகவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. கண் குழி விழுந்திருக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெதுவாக இறங்குகிறது. குடிக்க எழுப்பினாலும் எழவில்லை, துவண்டு கிடக்கிறது. மலத்தில் ரத்தம். குடித்ததெல்லாம் வாந்தி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகிற வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள், பிள்ளை விழித்திருந்து விழுங்கினால். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் "உச்சி விழுந்திருக்கு, உரம் எடுக்கணும்" என்று சில வீடுகளில் வேறு ஆளிடம் தூக்கிப் போவார்கள். பாட்டி பார்த்தது சரி, குழி விழுந்திருப்பது நிஜம். நீர் வற்றியதால் விழுந்தது, அந்த நீரை ஆஸ்பத்திரியில் ஈடு செய்தால்தான் சரியாகும். ராத்திரி இரண்டு மணியானாலும் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு திறந்திருக்கும்.

வீட்டில் ஒரு லிட்டர் பொட்டலம் நாலு, ஜிங்க் சிரப் ஒன்று வாங்கி வையுங்கள். எல்லாம் சேர்த்தாலும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சமையலறையில் அடுப்புப் பக்கம் வைத்தால் பவுடர் கட்டி தட்டும், பீரோவில் வையுங்கள். காலாவதித் தேதியை வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி தட்டியதையோ பழுப்பு நிறம் ஏறியதையோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.